கொடுக்காத பந்து

ஹார்லன் ஃபோர்டு, ஒஹாயோ
23 செப்டம்பர் 1974

டோய்வோ,

உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். கல்லூரி விடுதியில் உன் கட்டில் காலியாகக் கிடக்கிறது. அதில் என் அழுக்குத் துணியைக் குவித்து வைத்திருக்கிறேன். உன்மேல் எனக்கு எவ்வளவு மரியாதை என்று இதிலிருந்தே தெரிந்துகொள்.

இந்த ஃபுட்பால் பருவத்தில் ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. போன சனிக்கிழமை டொலீடோவிலிருந்து அம்மா ஆட்டம் பார்க்க வந்தாள். எனக்குப் பிடிக்குமே என்று முட்டைக்கோஸ் உருண்டை செய்து எடுத்து வந்திருந்தாள். நான் தாடை வலியில் மெல்ல முடியாமல் மென்றதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்.

"ரஸ், போன வருஷம் நல்லாத்தானே எறிஞ்ச. இந்த வருஷம் கையில என்ன கேடு?"

"கையில ஒண்ணும் இல்லம்மா. எறியறதுக்கு ரெண்டு மூணு நொடி வேணும். அதுக்குள்ள வந்து சாய்ச்சுடறானுங்க."

"போன வருஷம் மட்டும் அந்த நொடியை யார் குடுத்தா?"

"டோய்வோ."

அவளுக்குப் புரியவில்லை. சொல்லிக் கொடுத்தேன்: நம் ஃபுட்பாலில் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், முன்னால் ஓடுகிறவனுக்கு எறியவும் செய்யலாம். நான் பந்தை வாங்கித் திரும்புவேன். டோய்வோ என் பக்கமாக ஓடி வருவான். சில தடவை அவன் வயிற்றில் பந்தை வைப்பேன். மோதி உடைத்துக்கொண்டு போவான். சில தடவை வைப்பதுபோலக் காட்டி உருவிக்கொள்வேன். எதிரணியில் நடுவில் நிற்கும் ஆட்களுக்கு எது நிஜம் என்று தெரியாது. அவனுக்குப் பயந்து அவன்மேல் பாய்வார்கள். அவர்கள் விட்டுவந்த இடத்தில் நான் எறிவேன். எல்லோரும் என்னைப் பெரிய ஆட்டக்காரன் என்பார்கள்.

"அப்ப அந்தப் பையனை எதுக்குடா விட்ட?" என்றாள் அம்மா.

உன் இடத்தில் பர்டி ஓடுகிறான். நல்லவன், சர்ச்சின் ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லித்தரப் பிறந்தவன். அவன் ஓடி வந்தால் எதிரணிக்காரனுக்குக் கொட்டாவி வருகிறது. யாரும் அவனைப் பார்ப்பதில்லை. நேரே என்மேல் வருகிறார்கள். ஆட்டம் முடியும்வரை நான் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இது எனக்குக் கடைசி வருடம். கோச் ஹாஸ்கெல் உனக்குக் கதவு திறந்தே இருக்கிறது என்றார். ஆகஸ்டில் சொல்லாமல் பஸ் ஏறிப் போனவனை நானாக இருந்தால் கூப்பிட மாட்டேன். அவர் கூப்பிடுகிறார். வா.

ரஸ் டோம்பெக்


கிவி ஏரி, மேல் மிச்சிகன்
30 செப்டம்பர்

ரஸ்,

கட்டிலை வைத்துக்கொள்.

அக்கா அய்லி வீட்டில் இருக்கிறேன். அத்தான் ஊர்ஹோவோடு மரம் வெட்டி லாரியில் ஏற்றுகிறேன். இங்கே ஃபோன் கிடையாது. நான் ஃபுட்பால் ஆடியதைப் பற்றி யாரும் கேட்பதும் கிடையாது. நன்றாக இருக்கிறது.

சொல்லாமல் போனேன் என்கிறாய். உடை மாற்றும் அறையில், அத்தனை பேருக்கு முன்னால், "என்னால முடியலடா" என்று சொன்னேன். நீ சிரித்துவிட்டு என்ன சொன்னாய்? "வடக்கத்திக் கோழை, குளிர்ல ரத்தம் உறைஞ்சு போச்சு." அவர்களும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் பஸ் ஏறினேன்.

கேட்காததால் இப்போது சொல்கிறேன். போன வருடம் பாதியிலிருந்து காதுக்குள் ஒரு இரைச்சல். ஒரு ஆட்டத்தில் எழுந்து நின்றபோது எந்தப் பக்கம் நம் பக்கம் என்று தெரியவில்லை. நீ கை காட்டிய பக்கம் போனேன்.

உன் படம் பேப்பரில் வரும். கை உயர்ந்திருக்கும், பந்து பறந்துகொண்டிருக்கும். படத்தின் ஓரத்தில், மூன்று பேருக்கு அடியிலிருந்து ஒரு பூட்ஸ் நீட்டிக்கொண்டிருக்கும். அது நான். பந்தோடு விழுந்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பந்து உன் கையில் இருக்க, இல்லாத பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் வாங்கிய அடிதான் அதிகம்.

கோச்சுக்கு நன்றி சொல். வரமாட்டேன்.

டோய்வோ லாஹ்தி


ஹார்லன் ஃபோர்டு
6 அக்டோபர்

டோய்வோ,

உன் கடிதத்துக்குப் பதில் வேறு ஒரு நாள் எழுதுகிறேன். காதைப் பற்றி நீ முன்பே சொல்லியிருக்கலாம். இப்போது வேறொன்று சொல்லவேண்டும். சொல்ல எனக்கு வேறு ஆளில்லை.

நேற்று மார்டன் கல்லூரியோடு ஆட்டம். இரண்டாம் பாதி. பர்டிக்குக் கொடுப்பதுபோலக் காட்டி எறியவேண்டும் என்று திட்டம். நான் பந்தை வாங்கித் திரும்பினேன். பர்டி சேற்றில் வழுக்கி, கிளம்பின இடத்திலேயே விழுந்துகிடந்தான். என் கை பழக்கத்தில் நீண்டுவிட்டது. யாரும் இல்லாத இடத்தில் பந்தை வைத்து உருவினேன்.

டோய்வோ, அந்த வெற்றிடத்தின்மேல் அவர்கள் பாய்ந்தார்கள். நடு ஆட்கள் மூன்று பேரும். ஒருவன் அல்ல, மூன்று பேர். எலும்பில் எலும்பு மோதும் சத்தம் கேட்டது. என்னை ஒருத்தன்கூடப் பார்க்கவில்லை. நின்று, நிதானமாக, பந்து பிடிக்கும் நம் ஜீன் தனியாக ஓடுவதைப் பார்த்து எறிந்தேன். டச்டவுன், ஆறு புள்ளி.

திரும்பிப் பார்த்தால், குவியலிலிருந்து அவர்களுடைய ஆள் ஒருவன் எழுந்து நின்று கீழே கை நீட்டினான், விழுந்தவனைத் தூக்கிவிடுவதுபோல. "நல்லா மோதினடா" என்றான். கீழே புல் மட்டும்தான் இருந்தது. அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டே போனான்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அடுத்த தடவை பர்டியிடம், "நீ இடப்பக்கம் தள்ளிப் போ, என்கிட்ட வராதே" என்றேன். மறுபடியும் வெறும் காற்றில் பந்தை வைத்தேன். அப்போதும் அவர்கள் விழுந்தார்கள். ஜெயித்துவிட்டோம்.

நீ பந்தை வாங்கும்போது இரண்டு கையும் மேலும் கீழுமாக மூடும். அப்போது மூக்கால் ஒரு முனகல் விடுவாய், மாடு மூச்சுவிடுவதுபோல. நாங்கள் கேலி செய்வோம். இரண்டாவது தடவை அதைக் கேட்டேன். என் காதுக்குப் பக்கத்தில்.

நேற்று மதியம் நீ எங்கே இருந்தாய்?

ரஸ்


கிவி ஏரி
14 அக்டோபர்

ரஸ்,

நேற்று மதியம் எங்கே இருந்தாய் என்று கேட்டிருக்கிறாய்.

அந்தச் சனிக்கிழமை மதியம் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். அய்லி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என் விலாவில் எதுவோ மோதியது. பத்தடி தள்ளிப்போய் விழுந்தேன். காற்றுக்கூட அடிக்கவில்லை. எழுந்தேன். சற்றுப் பொறுத்து மறுபடியும். இந்தத் தடவை அய்லி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிற்கும்போதே என் கால் இரண்டும் தரையைவிட்டு எழும்பியதாம். முகம் வெளுத்து உள்ளே ஓடி ஊர்ஹோவைக் கூட்டிவந்தாள்.

ஊர்ஹோ என் வாயை முகர்ந்து பார்த்தார். "குடிச்சிருந்தா சொல்லிடு மச்சான், திட்ட மாட்டேன்" என்றார். குடிக்கவில்லை. சட்டையைக் கழற்றினால் விலாவில் ஹெல்மெட் அளவுக்கு வட்டமாகக் கன்றியிருந்தது. அது என்ன தடம் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

நேற்று முன்தினமும் வந்தது. எத்தனை தடவை என்று நான் சொல்லவில்லை, நீ சொல். எந்தப் பக்கம் என்றும் சொல். நான் சவுனா நீராவிக் குளியலறைக்குள் போய் உட்கார்ந்திருந்தேன், வெளியே இருந்தால்தானே விழுவேன் என்று. மரப்பலகையோடு சேர்த்துத் தூக்கி எறியப்பட்டேன். அடுப்புக் கல்லில் கை சுட்டுக்கொண்டது.

ரஸ், இதை நிறுத்து. பர்டியிடம் பந்தைக் கொடு. அவன் விழட்டும். அவன் அங்கே இருக்கிறான்.

டோய்வோ


ஹார்லன் ஃபோர்டு
21 அக்டோபர்

டோய்வோ,

மரம் வெட்டுகிறவனுக்கு அடிபடும். கிளை விழும், கட்டை உருளும். நீயே காதில் இரைச்சல் என்கிறாய், தடுமாறியிருப்பாய். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டாம் தேதி ஆட்டத்தில் அவர்கள் எந்தப் பக்கமிருந்து பாய்ந்தார்கள் என்று கேட்டாய். எழுதப் போவதில்லை. எழுதினால் ஒத்துப்போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

நேற்று முன்தினமும் ஜெயித்தோம். கொலம்பஸ் பேப்பரில் என் படம். தொழில்முறை அணி ஒன்றிலிருந்து ஆள் வரப்போகிறானாம், நவம்பர் ஒன்பதாம் தேதி கடைசி ஆட்டத்துக்கு. என்னைப் பார்க்க. அப்பா முப்பது வருடமாகக் கண்ணாடித் தொழிற்சாலை உலைக்கு முன்னால் நிற்கிறார். இந்த ஒரு ஆள் தலையசைத்தால் நான் அங்கே போகவேண்டாம். இதை உனக்குச் சொல்லவேண்டியதில்லை. சொல்கிறேன்.

கோச் என்னை மட்டும் கூப்பிட்டு ஆட்டப் படத்தைப் போட்டுக் காட்டினார். என் கை நீள்கிறது, திரும்புகிறது. அந்த இடத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் புல் பெயர்கிறது. தரையிலிருந்து மண் கட்டி எழும்பி விழுகிறது, யாரோ பூட்ஸ் ஊன்றி ஓடுவதுபோல. அவர்கள் பாய்கிறார்கள். குவியல் தரையில் விழவில்லை, டோய்வோ. இடுப்பளவு உயரத்தில் அப்படியே நிற்கிறது. நடுவில் ஒரு ஆள் நின்று தாங்கினால் எப்படி நிற்குமோ அப்படி. பிறகுதான் மெல்லச் சாய்கிறது.

கோச் படத்தை நிறுத்தினார்.

"இதைப் பத்தி வெளிய மூச்சு விடாதே" என்றார்.

"கோச், அது யாரு?"

"யாரா இருந்தா என்ன? நல்லா ஓடுறான்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த வாரம் இன்னும் நாலஞ்சு தடவை சேர்த்துக் காட்டு" என்றார்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். முதலில் பந்தை உருவுவது சுலபமாக இருந்தது. இப்போது இழுக்கவேண்டியிருக்கிறது. யாரோ விடமாட்டேன் என்கிறார்கள்.

ரஸ்


கிவி ஏரி
30 அக்டோபர்

ரஸ்,

இது அய்லியின் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். பிடிக்காமல்தான் எழுதுகிறாள். உன்னைப் பற்றி அவள் சொன்ன வார்த்தைகளை எழுத வேண்டாம் என்றேன்.

இருபத்தாறாம் தேதி வலது தோள் எலும்பு முறிந்தது. லாரி மோதியதா என்று டாக்டர் கேட்டார். ஊர்ஹோ ஆமாம் என்றார். வேறு என்ன சொல்வார்?

இப்போது சொல்லப்போவதுதான் உண்மை. அடி வரப்போவது எனக்கு முன்னாலேயே தெரிகிறது. வயிற்றில் எதுவோ வந்து அழுந்தும். குளிர்ந்த தோல். அந்தக் கணம் காதில் இரைச்சல் நின்றுவிடும். எங்கும் அமைதி. எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தெளிவாகத் தெரியும். ஒரு வருடமாக எனக்கு அப்படித் தெரிந்ததில்லை. கை இரண்டும் தாமாக மூடும். பிறகு நீ உருவிக்கொள்வாய். வயிறு வெறுமையாகும். அப்புறம்தான் அடி.

போன தடவை நான் ஒளியவில்லை. முற்றத்தின் நடுவில் போய் நின்றேன். குனிந்து நின்றேன். அய்லி கையைப் பிடித்து இழுத்தாள், அவளைத் தள்ளிவிட்டேன். அவள் எழுதமாட்டேன் என்கிறாள், எழுது என்கிறேன். காத்திருந்தேன், ரஸ். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். நான் வேண்டும் என்று சொன்னாலும் செய்யாதே.

டோய்வோ

(என் தம்பிக்கு அம்மா அப்பா இல்லை. நான் மட்டும்தான். அய்லி.)


(இடமும் தேதியும் இல்லை)

ரஸ் அய்லி எழுதியதை நம்பாதே

சனிக்கிழமை கொடு. காட்டாதே, கொடு

நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்

டோ


ஹார்லன் ஃபோர்டு
10 நவம்பர்

டோய்வோ,

அய்லியின் கடிதம் திங்கட்கிழமை தபாலில் வந்தது. உன் துண்டுச் சீட்டு வெள்ளிக்கிழமை காலை உன் கட்டிலில், என் துணிகளுக்கு அடியில் இருந்தது. உறை இல்லை. தபால்தலை இல்லை. எழுத்து உன்னுடையது. காகிதம் ஈரமாக இருந்தது. அறை பூட்டியிருந்தது, சாவி என் கழுத்தில்.

அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ சொல்லி அய்லி எழுதிய கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். இரண்டில் எது நீ என்று எனக்குத் தெரிந்தது. தெரியாததுபோல ஒரு இரவு நடித்துப் பார்த்தேன், முடியவில்லை.

ஆட்டத்துக்கு முன்னால் கோச்சிடம் சொன்னேன். "இன்னிக்கு அதைச் செய்ய மாட்டேன் கோச். பந்து பர்டிக்கு, இல்லன்னா நேரா எறியறேன்."

"மேல உக்காந்திருக்கானே அந்த ஆளு, அவன் உன்னைப் பாக்க முந்நூறு மைல் கார் ஓட்டிட்டு வந்திருக்கான்."

"தெரியும்."

"உங்கப்பாவும் வந்திருக்காரு."

"அதுவும் தெரியும் கோச்."

என்னை உரித்துவிட்டார்கள், டோய்வோ. யாருக்கும் பயமில்லை, யாரும் நிற்கவில்லை, நேராக வந்தார்கள். பர்டி பாவம், முட்டி முட்டிப் பார்த்தான். மூன்றாம் கால்பகுதி முடியும்போது மேலே அந்த ஆளின் இருக்கை காலி. அப்பா மட்டும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தடவை நான் திரும்பும்போதும் என் இடுப்புப் பக்கத்தில் அந்த மூச்சு. காத்துக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டவில்லை. ஒரு தடவைகூட நீட்டவில்லை.

ஆட்டத்தின் கடைசி நிமிடம். எறியப் பின்வாங்கினேன். அவர்களிடம் கோல்டர் என்று ஒரு மலை இருக்கிறான். எனக்குத் தெரியாத பக்கமிருந்து, முதுகுக்குப் பின்னால், முழு வேகத்தில் வந்திருக்கிறான். அப்பா மேலிருந்து பார்த்தார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "உன் முதுகெலும்பு போச்சுன்னு நெனச்சேன்டா" என்றார். எனக்கு இரண்டடி தூரத்தில் கோல்டர் அந்தரத்தில் புரண்டான். சுவரில் மோதியவன்போல. தலைக்கு மேல் கால் போய் விழுந்தான். அவனைத் தடுக்க அங்கே ஆளே கிடையாது.

நாங்கள் தோற்றோம். நான் நடந்து வெளியே வந்தேன். நான் கூப்பிடவில்லை, டோய்வோ. சத்தியமாகக் கூப்பிடவில்லை. உனக்கு என்ன ஆயிற்று? உடனே எழுது.

ஆகஸ்டில் உன்னைச் சொன்ன அந்த வார்த்தை தப்பு.

ரஸ்


கிவி ஏரி
18 நவம்பர்

ரஸ்,

இடது கையால் எழுதுகிறேன், கோணல் இருக்கும். வலது கை இன்னும் கட்டுப் போட்டபடிதான் இருக்கிறது. அந்தச் சீட்டை நான் எழுதவில்லை. எழுதியிருக்க முடியாது.

அன்று என்னைக் கட்டிலோடு கட்டச் சொன்னேன். ஒரு பக்கம் ஊர்ஹோ, ஒரு பக்கம் அய்லி. மதியம் முழுவதும் ஒன்றும் வரவில்லை. நான் செய்யாதே என்றதை நீ கேட்டுவிட்டாய் என்று புரிந்தது. உன்மேல் கோபம்கூட வந்தது, மறைக்கமாட்டேன்.

பிறகு, யாரும் கூப்பிடாமல், நானே போனேன். எப்படி என்று கேட்காதே. வயிற்றில் பந்து இல்லை. ஒரு பெரிய உடம்பு ஓடி வருவது தெரிந்தது. அது உன்னைப் பார்த்து வருவதும் தெரிந்தது. தோளைக் கொடுத்தேன். வலிக்கவில்லை, ரஸ். நான் வாங்கியதிலேயே வலிக்காத அடி அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அடியில்லை. இரைச்சலும் இல்லை. அய்லி முதலில் சந்தோஷப்பட்டாள். இப்போது என்னை ஓரக்கண்ணால் பார்க்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நான் சற்றுத் தாமதமாகத் திரும்புகிறேனாம். மீன் சூப்பில் உப்பில்லை என்றேன். மூன்று தடவை போட்டிருக்கிறாள். வீட்டு நாய் முன்பெல்லாம் என் காலடியில் படுத்துக் கிடக்கும். இப்போது நான் உள்ளே வந்தால் எனக்குப் பின்னால் பார்க்கிறது, இன்னொருவர் வரவேண்டும் என்பதுபோல. யாரும் வராததால் எழுந்து போய்விடுகிறது.

நேற்று அய்லி என் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். "துடிக்குது. ஆனா எங்கயோ தூரத்துல துடிக்குது" என்றாள்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன் என்று நினைக்கிறேன். ஆட்டம் முடிந்தது, நீங்கள் எல்லோரும் போய்விட்டீர்கள். போ என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மைதானத்தில் போய்ப் பார். இருந்தால் அனுப்பிவை.

டோய்வோ


ஹார்லன் ஃபோர்டு
24 நவம்பர், ஞாயிறு

டோய்வோ,

உன் கடிதம் நேற்று வந்தது. இன்று காலை, எல்லோரும் சர்ச்சுக்குப் போயிருந்தபோது, ஒரு பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். தரை முழுக்க உறைபனி, வெள்ளை வெளேரென்று, ஒரு காலடி இல்லாமல். கல்லூரியில் ஒரு மணிச் சத்தம்கூடக் கிடையாது. நடுவில் போய் நின்றேன். நின்றதும் என் இடுப்புப் பக்கத்தில் மூச்சு கேட்டது. நீ இருந்தாய்.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. "குளிருதாடா?" என்றேன். முட்டாள்தனமான கேள்வி.

பிறகு நாம் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். பந்தை வாங்குவதுபோல நின்று, திரும்பி, நீ வரும் வழியில் வைத்தேன். கைகள் மேலும் கீழுமாக மூடின. இழுத்தன. இந்தத் தடவை நான் விட்டுவிட்டேன்.

விட்டதும் திரும்பிப் பார்க்கவில்லை. பந்து என்னிடம் இருப்பதுபோலவே வெறும் கையை இடுப்பில் மறைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம், தெற்கே, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக ஓடினேன். அந்த மைதானத்தில் என்ன காத்திருந்ததோ எனக்குத் தெரியாது. எது இருந்தாலும் என்மேல் பாயட்டும் என்று ஓடினேன். கோடு தாண்டியும் ஓடினேன். பின்னாலிருந்து பல கால்களின் அதிர்வு என்னைத் துரத்திக்கொண்டு வந்தது, பிறகு நின்றது. வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். அப்புறம்தான் திரும்பினேன்.

பந்து புல்லில் இல்லை. மைதானம் முழுக்கத் தேடினேன். எங்கும் இல்லை.

நான் நின்ற இடத்திலிருந்து வடக்கே உறைபனியில் பூட்ஸ் தடம் போயிருந்தது. ஒற்றை ஆள். நீண்ட எட்டு. எங்கும் தடுமாறவில்லை. கோல் கம்பத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, உன் ஊர்ப் பக்கம் போகும் ரோட்டில் ஏறியிருந்தது. ரோட்டுத் திருப்பம் வரைக்கும் அதன்கூடவே நடந்தேன். அதற்கு மேல் வெயில் விழுந்து பனி உருகியிருந்தது.

இந்தக் கடிதம் முந்துகிறதோ அவன் முந்துகிறானோ தெரியாது. அய்லியிடம் சொல்லி வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வைக்கச் சொல். வழியில் அவனைத் தடுக்க யாரும் இல்லை.

ரஸ்